முடியோடு மாட்டுத்தோல்: எந்தப் பதம் எதைத் தரும், எதைக் கெடுக்கும்

விரிப்பாகப் போட்ட மாட்டுத்தோலில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் பலரும் பதத்தைத்தான், அதாவது தோலைப் பதனிட்ட முறையைத்தான், குறை சொல்வார்கள். படிகாரம் போதவில்லை என்பார்கள், பட்டைச் சாறு பழசு என்பார்கள். உண்மையில் அந்த முடி, தோல் தொட்டிக்குள் போகும் முன்பே வேர் விட்டுப் போயிருக்கும். முடி நிற்குமா என்பது பெரும்பாலும் தோலை உரித்த முதல் சில மணி நேரத்தில் முடிவாகிவிடும். தோல் மெத்தென்று இருக்குமா, வெள்ளை முடி வெள்ளையாகவே நிற்குமா, ஆனி மாதச் சாரலில் ஈரம் கோர்க்குமா என்பதெல்லாம் பதத்தின் வேலை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் எந்தத் தவறை எங்கே திருத்துவது என்று தெரியாது.

முதலில் ஒரு எச்சரிக்கை. திடீரென்று செத்த மாடு, மூக்கிலோ ஆசனவாயிலோ இரத்தம் கசிந்து செத்த மாடு என்றால் கத்தியே வைக்கக் கூடாது. அடைப்பான் நோயாக இருக்கலாம், அது மனிதருக்கும் தொற்றும். கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் புழுக்கத்தில் பச்சைத்தோலை மூன்று மணி நேரத்துக்கு மேல் சும்மா போடக் கூடாது. உரித்ததும் மடிக்காமல் சிமெண்டுத் தரையில் விரித்துச் சூடு ஆறவிட்டு, ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் சீவி எடுத்துவிட்டு உப்பிட வேண்டும். 12 கிலோ தோலுக்கு 5 முதல் 6 கிலோ உப்பு. புத்தளம், சாமிதோப்பு உப்பளங்களின் கல்லுப்பை ரவை அளவுக்கு உடைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். பெரிய கல் தோலில் பள்ளம் விழச் செய்யும். மாவுப்பொடி மேலே கட்டியாக இறுகி, உள்ளே இறங்காது. கழுத்து, கால் ஓரம், வால் அடி ஆகிய இடங்களில் கையால் தேய்த்து ஏற்ற வேண்டும். ஒருமுறை போட்ட உப்பை மறுபடி எடுக்காதீர்கள். உப்பிலேயே வாழும் நுண்ணுயிர்கள் அதில் இருக்கும், சதைப்பக்கம் செம்புள்ளி விழும். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் போடுவது அதைவிட மோசம். மேல்பக்கம் பசைபோல இறுகிவிட, உள்ளே அழுகும்.

சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. வயிற்றோரத்திலும் காதடியிலும் பத்துப் பதினைந்து முடியைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து நிதானமாக இழுங்கள். வலித்துப் பிடிவாதமாக நின்றால் நல்ல தோல். வெண்ணெயில் செருகிய ஊசிபோல வந்துவிட்டால், முனையில் வெளிறிய தோல்துணுக்கும் ஒட்டிக்கொண்டு வந்தால், அந்தத் தோலில் இனி எந்தப் பதமும் முடியைக் காப்பாற்றாது. அதைச் சுண்ணாம்பில் போட்டு முடி நீக்கி வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

உப்பிட்ட தோலை அடுத்து ஊறவைக்க வேண்டும். ஊறல் தொட்டியில் சுண்ணாம்போ சோடியம் சல்பைடோ பக்கத்திலேயே வரக் கூடாது. இரண்டும் முடி எடுக்கும் மருந்து. தண்ணீரில் 2 சதவீதம் உப்பும், லிட்டருக்கு ஒரு மில்லி வீதம் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பும் போதும். 12 மணி நேரத்துக்கு மேல் ஊற வேண்டாம். இங்கே தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் பக்கம் மீனுக்கு வரும் ஐஸ் கட்டியில் ஒன்றை உடைத்துப் போட்டால் ஊறலில் முடி கழல்வது நிற்கும்.

அடுத்தது அமிலக் குளியல். எல்லாப் பதத்துக்கும் இதுதான் அடித்தளம். நீல பிளாஸ்டிக் டிரம்மில் 40 லிட்டர் தண்ணீர், 5 கிலோ உப்பு, அது முழுதும் கரைந்த பிறகு 200 மில்லி ஃபார்மிக் அமிலம். ரப்பர் பால் உறைய வைக்கிற அதே அமிலம்தான், குலசேகரம், மார்த்தாண்டம் கடைகளில் கிடைக்கும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். உப்புக்கு முன்னால் அமிலம் போனால் தோல் இட்லிபோல உப்பிவிடும், நார் உடைந்துவிடும். பி.எச். (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 2 முதல் 2.5 வரை நிற்கட்டும். காலையும் மாலையும் பி.எச். தாளில் பார்த்து, ஏறினால் 50 மில்லி அமிலம் சேருங்கள். மூன்று நாளில் எடுத்துக் கழுத்தையும் முதுகையும் சதைப்பக்கமிருந்து 2 மில்லிமீட்டர் தடிமன் வரும் வரை சீவி, இன்னும் ஒரு நாள் அதே குளியலில் போடுங்கள். முதுகு பலகைபோல விறைத்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தச் சீவலில் காட்டிய சோம்பல்தான்.

இனி பதம்.

படிகாரம்: 40 லிட்டருக்கு 4 கிலோ படிகாரம், 2 கிலோ உப்பு. ஆப்ப சோடாவைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு பி.எச்.சை 4 வரை ஏற்றி, ஆறேழு நாள் புரட்டிப் புரட்டிப் போட வேண்டும். வெள்ளை முடி வெள்ளையாகவே நிற்கும், சதைப்பக்கமும் பால்போல இருக்கும். பார்க்க இதைவிட அழகான பதம் இல்லை. ஆனால் படிகாரம் தோல் நாரோடு பலமாகப் பிணையாது, தண்ணீர் பட்டால் கரைந்து வெளியேறும். அதனால் உப்பையும் முழுக்கக் கழுவ முடியாது. உள்ளே தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். தக்கலையிலோ கருங்கலிலோ தென்மேற்குப் பருவ மழை பிடித்ததும் தோல் தொட்டால் பிசுபிசுக்கிறது என்றால் காரணம் இதுதான். தரைக்கு வேண்டாம், உலர்ந்த சுவருக்கு மட்டும்.

பட்டை: ஆவாரம்பட்டையானால் தோல் எடைக்கு ஒன்றரை மடங்கு வேண்டும். வாட்டில் என்னும் வேல மர வகையின் பட்டைச் சாறுப் பொடியானால் எடையில் கால் பங்கு. முதல் வாரம் மிக நீர்த்த சாறு, பிறகு படிப்படியாகக் கெட்டி. ஆரம்பத்திலேயே கெட்டிச் சாற்றில் போட்டால் மேற்பரப்பு இறுகி நடு பச்சையாகவே நிற்கும், பிறகு அங்கேயே அழுகும். மாட்டுத்தோலுக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆவாரம் பதம் வெளிச்சம் பட்டால் சிவக்கும். கடைசி நாட்களில் கடுக்காய்ச் சாறு கொடுப்பது அதற்காகத்தான். வெள்ளை முடி கண்டிப்பாகப் பழுப்பேறும், ஆகவே செவலை, கறுப்பு மாட்டுக்கு மட்டும். துருக்கறை படியும் போர்த் தண்ணீரோ இரும்பு ஆணியோ பட்டைச் சாற்றில் பட்டால் மை கொட்டியதுபோலக் கறுக்கும். தோல் கனமாக, கொஞ்சம் விறைப்பாகத்தான் வரும். நாற்காலி இருக்கைக்கும் பைக்கும் அந்த விறைப்பு நல்லது.

குரோம் (குரோமிய உப்பில் பதனிடுவது): சந்தையில் விற்கும் மெத்தென்ற விரிப்புகள் பெரும்பாலும் இதுதான். கழுவலாம், அதனால் உப்பும் போய்விடும், இந்த ஊர்ப் புழுக்கத்துக்கும் தாங்கும். குறை என்றால் வெள்ளை முடியில் லேசான நீலப்பச்சைச் சாயல் ஏறுவது. தோல் எடையில் 8 சதவீதம் குரோம் பொடி, கடைசியில் சோடா உப்பால் பி.எச். 3.8 வரை நிதானமாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் மேலே மட்டும் பிடித்துத் தோல் சொரசொரக்கும். ஆனால் இதை வீட்டுக் கொல்லையில் செய்யாதீர்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்க வசதி இல்லாமல் குரோமைக் கிணற்றுப் பக்கமோ பழையாற்றிலோ விடுவது அக்கிரமம், சட்டப்படியும் குற்றம். நன்றாக உப்பிட்ட தோலைத் திண்டுக்கல்லுக்கோ ஈரோட்டுக்கோ அனுப்பிக் கூலிக்குப் பதனிடக் கேட்பதுதான் நல்ல வழி.

அங்கிருந்து வந்ததைச் சரிபார்க்கக் கழுத்தோரம் ஒரு துண்டு வெட்டுங்கள். வெட்டுமுகம் முழுக்க ஒரே நீலமாக இருக்க வேண்டும், நடுவில் வெளிறிய கோடு தெரிந்தால் அரைப்பதம். துண்டைத் தாளில் வைத்து ஓரம் வரைந்துகொண்டு கொதிநீரில் ஒரு நிமிடம் போடுங்கள். முழுப்பதக் குரோம் வரைந்த கோட்டுக்குள் அப்படியே பொருந்தும். பட்டைப் பதமும் படிகாரப் பதமும் பொரித்த பப்படம்போலச் சுருளும். அது அவற்றின் இயல்பு, குறை அல்ல.

எண்ணெயில் ஒரு வழக்கமான தவறு: தேங்காயெண்ணெய். அது ஈரத்தோலின் நாருக்குள் இறங்காது, மேலேயே நின்று சிக்குவாடை அடிக்கும், முடியும் எண்ணெய்ப் பிசுக்காகும். தண்ணீரில் கலங்கும் சல்பேட் ஏற்றிய மீனெண்ணெயை மூன்று பங்கு வெந்நீரில் அடித்து, அது வெதுவெதுப்பாக ஆறியதும் சதைப்பக்கம் மட்டும் தூரிகையால் பூசி, ஒரு இரவு சதையோடு சதை மடித்து வையுங்கள். பிறகு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி நிழலில், காற்றாடிக்கு முன் காயவிடுங்கள். முக்கால் காய்ந்து, மடித்தால் மடிப்பில் வெள்ளைக் கோடு தெரியும் நேரம் வரும். அப்போது கழற்றி, மழுங்கிய பலகை விளிம்பில் சதைப்பக்கத்தை எல்லாத் திசையிலும் இழுத்து இழுத்துத் தேய்க்க வேண்டும். அந்த நேரத்தைத் தவறவிட்டு முழுக்கக் காய்ந்துவிட்டால், சதைப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

தை முதல் பங்குனி வரை இந்த வேலைக்கு ஏற்ற காலம். மழைக்காலத்தில் எடுத்து வைப்பதானால் முடி வெளிப்பக்கமாகச் சுருட்டிப் பருத்தித் துணியில் சுற்றி, அந்துருண்டை போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் சாக்கில் கட்டினால் பூசணம் நிச்சயம்.