சோசெகி பிறந்த இடத்திலிருந்து அவரது எழுத்தறை வரை: முதன்முறை செல்வோருக்குச் செய்முறை விளக்கம்

ஜப்பானிய நாவலாசிரியர் நத்சுமே சோசெகியின் நினைவு அருங்காட்சியகம், டோக்கியோவின் ஷின்ஜுகு வட்டாரத்தில் 2017 செப்டம்பரில் திறக்கப்பட்டது. நேரே அங்கே செல்லாமல் அவர் பிறந்த இடத்திலிருந்து நடையைத் தொடங்குங்கள். அவர் பிறந்த மனையும் இறந்த மனையும் ஏறத்தாழப் பத்து நிமிட நடைக்குள் அடங்கிவிடுகின்றன.

முதலில் நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். திங்கட்கிழமை பொதுவாக விடுமுறை; மற்ற நாள்களில் காலை 10 மணி முதல் மாலை 6 வரை திறந்திருக்கும். வழக்கமான காட்சிக்குப் பெரியவர்களுக்கு 300 யென் கட்டணம். புறப்படும் முன் ‘கொகொரோ’ நாவலையாவது படித்துவிடுங்கள், ஏனெனில் அது எழுதப்பட்ட வீடு இருந்த இடத்தைத்தான் காணப் போகிறீர்கள்.

அடுத்து, தோசாய் சுரங்க ரயில் தடத்தில் வசேதா நிலையத்தில் இறங்கி, இரண்டாம் வாயில் வழியாக வெளியே வாருங்கள். அருகிலேயே, நத்சுமே மேட்டுச் சாலையின் அடிவாரத்தில், 1867 பிப்ரவரி 9 அன்று அவர் பிறந்த இடத்தைக் குறிக்கும் கருங்கல் நிற்கிறது. வீடு இல்லை, கல் மட்டுமே. ஆனாலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். இப்பகுதியின் பெயரான கிகுயிச்சோ, செவ்வந்தியும் கிணற்றுச் சட்டமும் இணைந்த நத்சுமே குடும்பச் சின்னத்திலிருந்து வந்தது. மேட்டுச் சாலைக்குக் குடும்பப் பெயரை இட்டவரும், ஊர்த்தலைவராக இருந்த அவருடைய தந்தையே. அப்படிப்பட்ட வீட்டின் கடைசிப் பிள்ளையைப் பிறந்த சிறிது காலத்திலேயே வேறு குடும்பத்தில் வளர்க்கக் கொடுத்துவிட்டார்கள் என்பதை எண்ணியபடி நடந்தால் வழி நீளமாகத் தோன்றாது.

அருங்காட்சியகத்தில் மீட்டுருவாக்கப்பட்ட எழுத்தறைக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். 1907 முதல் 1916 டிசம்பர் 9 அன்று இறக்கும்வரை அவர் இந்த மனையில்தான் வாழ்ந்தார். வியாழக்கிழமைகளில் மாணவர்களும் இளம் எழுத்தாளர்களும் இங்கே கூடினார்கள். அகுதகாவா ரியுனொசுகேயும் அவர்களுள் ஒருவர். 1945 மே மாத வான்தாக்குதலில் வீடு எரிந்துபோனது. அவருடைய நூல்கள் தப்பியதற்குக் காரணம், அவை முன்னதாகவே செண்டாய் நகரின் தோஹொகு பல்கலைக்கழக நூலகத்துக்குச் சென்றுவிட்டமையே. ஆகவே இங்கே அலமாரியிலும் தரையிலும் அடுக்கியுள்ளவற்றை அவர் தொட்ட பிரதிகள் என்று எண்ணிவிடாதீர்கள்.

கடைசியாக, கட்டடத்தை ஒட்டிய சோசெகி பூங்காவுக்குள் செல்லுங்கள். அங்குள்ள சிறு கற்கோபுரத்தை ‘பூனை மேடு’ என்கிறார்கள். அவருடைய ‘நான் ஒரு பூனை’ நாவலால் புகழ்பெற்ற பூனைக்கு மட்டும் உரியதன்று. வீட்டில் வளர்ந்த நாய், பூனை, சிறு பறவைகள் அனைத்தின் நினைவாகவும் குடும்பத்தார் எழுப்பியது. போரில் சிதைந்த அதனை 1953இல், சோசெகியின் நினைவுநாளன்று, மீண்டும் நிறுத்தினார்கள்.