மலை ஈரத்தில் புது நாவல்கள்

வாங்கிய நாவலைப் பிளாஸ்டிக் உறையோடு அலமாரியில் செருகிவிட்டு, படிக்கும்போது பிரித்துக்கொள்ளலாம் என்று விடுவது சமவெளியில் சரி. நீலகிரியில் வேண்டாம். உறைக்குள் மாட்டிய ஈரம் பூஞ்சையாகிவிடும். கூடலூர் பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குதான் பெரிய மழை. அதற்கு முன்பே அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள்.

காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நிலைத்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் மூடிய அலமாரியில்தான் வேலை செய்யும், திறந்த தட்டில் வைப்பது வீண். பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான். அதன் வாசத்தோடு யார் நாவல் படிப்பது?

பூஞ்சை பூத்துவிட்டதா? வீட்டுக்குள் தட்டாதீர்கள், மற்ற புத்தகங்களுக்கும் பரவும். முதலில் நிழலில், காற்றாட நன்றாக உலர விடுங்கள். அப்புறம் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வாசலில் வைத்து, மென்மையான பிரஷால் முதுகுப்பக்கத்திலிருந்து வெளியே தள்ளுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது. மலை வெயில் சுடாதே என்று மணிக்கணக்கில் காயவைத்தால் தாள் பழுத்துவிடும்.

மதிப்புரைக்குக் குறிப்பெடுப்பவர்கள், ஒட்டும் துண்டுத்தாள்களை எழுதி முடித்ததும் உரித்துவிடுங்கள். பசை தாளிலேயே தங்கிவிடும். அதைவிடப் பென்சில் கோடு மேல். படித்த புத்தகத்தைவிடப் படிக்காமல் அடுக்கியதுதான் முதலில் பூக்கும், யாரும் புரட்டுவதில்லையே! வாரம் ஒருமுறையாவது அந்த அடுக்கைக் கலைத்து, பக்கங்களை விசிறிவிட்டு, தளர்வாக மறுபடி வையுங்கள்.