முட்டை வளரக் குளிசை எடுக்கும் மாதம்: நாள் கணக்கும் ஸ்கானும்

முட்டை வெளிவருவதற்கான குளிசையைத் தொடங்கமுன் கணவரின் விந்துப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அதிகம் தள்ளிப்போடப்படுவது இதுதான். பெண்ணுக்கு மாதக்கணக்கில் மருந்து கொடுத்துவிட்டுக் கடைசியில் ஆணைச் சோதிப்பது அநியாயம். 2 முதல் 7 நாள் உறவில்லாமல் இருந்து மாதிரி கொடுத்தால் போதும். மனைவிக்கு தைரொயிட், புரோலக்டின் இரத்தப் பரிசோதனைகளும் சூலக ஸ்கானும் தேவை. நாளுக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அமிலத்தை இப்போதே தொடங்கலாம். ருபெல்லா தடுப்பூசி போட்டதா என்பதை உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிசிஓஎஸ் (ஹோர்மோன் குழப்பத்தால் முட்டை ஒழுங்காக வெளிவராத நிலை) உள்ளவர்களுக்கு இன்று முதல் தெரிவு லெட்ரோசோல் என்ற குளிசை. பெட்டிக்குள் இருக்கும் தாளில் மார்பகப் புற்றுநோய் என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து குளிசையை அலுமாரியில் வைத்துவிடுபவர்கள் உண்டு. மருந்து அதற்காகத்தான் முதலில் வந்தது. இங்கே 5 நாள் மட்டும் எடுக்கிறீர்கள். அந்த நாட்களில் ஈஸ்ட்ரஜன் குறைய, மூளையடிச் சுரப்பி எஃப்எஸ்எச் ஹோர்மோனைக் கூட்டி விடுகிறது. அதனால் சூலகத்தில் முட்டைப் பை வளர்கிறது. 2014இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்றில், பிசிஓஎஸ் உள்ள பெண்களில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 வீதத்தினரும், இதே வேலைக்குத் தரும் பழைய குளிசையான குளோமிபீன் எடுத்தவர்களில் 19.1 வீதத்தினரும் குழந்தை பெற்றார்கள். குளோமிபீன் உடலில் கூடிய நாள் தங்கும். சிலருக்குக் கருப்பையின் உட்படலத்தை மெல்லியதாக்கிவிடும். அதை எடுக்கும்போது கண் மங்கினால் அல்லது கண்முன் வெளிச்சம் மின்னினால் அன்றே நிறுத்திவிட்டு டொக்டரிடம் போங்கள்.

வழக்கமான தொடக்க அளவு லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம், அல்லது குளோமிபீன் 50 மில்லிகிராம். நாளுக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், 5 நாள். பெரும்பாலும் மாதவிடாயின் 2ஆம், 3ஆம் நாளில் தொடங்குவார்கள். பிழை இந்த எண்ணிக்கையில்தான் நடக்கிறது. நன்றாக இரத்தம் போகத் தொடங்கிய நாளே முதல் நாள். அதற்கு முந்திய கறை கணக்கில் இல்லை, முழுகிய நாளிலிருந்து எண்ணுவதும் பிழை. கலண்டரில் அன்றே வட்டம் போட்டுவிடுங்கள். மாதவிடாய் வழமையைவிடக் குறைவாகப் போயிருந்தால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பத்தில் இந்தக் குளிசைகள் கூடாது. முட்டை வளராவிட்டால் அடுத்த மாதம் அளவைக் கூட்டுவது டொக்டரின் வேலை. அக்காவுக்குச் சரிவந்த மிச்சக் குளிசையை வாங்கி எடுக்காதீர்கள்.

10ஆம் நாள் முதல் 12ஆம் நாளுக்குள் ஸ்கான். முட்டைப் பை 18 மில்லிமீற்றரைத் தாண்டினால், முட்டையை வெளிவரச் செய்யும் எச்சிஜி ஊசி போடலாம். ஏறக்குறைய 36 மணித்தியாலத்தில் முட்டை வெளிவரும். ஊசி போட்ட அன்றும் அடுத்த இரண்டு நாளும் சேர்ந்திருங்கள். மூன்று, நான்கு பைகள் ஒன்றாகப் பெருத்திருந்தால் அந்த மாதத்தைக் கைவிடச் சொல்வார்கள். மனம் உடைந்தாலும் கேளுங்கள்: ஒரே வயிற்றில் மூன்று பிள்ளைகள் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து. ஸ்கான் இல்லாமல் குளிசை மட்டும் தருவதை ஏற்காதீர்கள் என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் விரதம் இருக்கும் வீடென்றால், அல்லது கணவர் வெளிநாட்டிலிருந்து இரண்டு கிழமை லீவில் வருகிறாரென்றால், கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லுங்கள். கணவர் இல்லாத மாதத்தில் குளிசை எடுப்பதால் பயனில்லை.

குளிசைக்குப் பதில் எஃப்எஸ்எச் ஊசி தந்தால் கவனம் இன்னும் கூட வேண்டும். குளிரில் வைக்கச் சொன்ன ஊசியை 2 முதல் 8 பாகை செல்சியஸில், பிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் உறைந்து கெட்டுவிடும். பாமசியிலிருந்து வெயிலில் பஸ்ஸில் கொண்டுவரும்போது ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, ஊசியில் நேரே முட்டாமல் கொண்டுவாருங்கள். தூளைக் கரைக்கும் ஊசியென்றால் குப்பியை மெதுவாகச் சுழற்றுங்கள், குலுக்கக் கூடாது. ஊசிக்குப் பின் வயிறு வீங்கி, ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடி, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.

எச்சிஜி ஊசி போட்டவர்கள் 14 நாள் கழியுமுன் வீட்டில் கர்ப்பப் பரிசோதனை செய்தால், ஊசி மருந்தே இரண்டு கோடு காட்டக்கூடும். அதன் பிறகு வரும் இரண்டு கோட்டை நம்பலாம். ஆனால் அதனுடன் அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் வலியிருந்தால், அல்லது தலை சுற்றினால், கரு குழாயில் தங்கியிருக்கக்கூடும். அன்றே ஸ்கான் பார்க்க வேண்டும்.