இலை மஞ்சளானதும் உரப் பையைத் தேடாதீர்கள்

மாடியில் நிற்கும் கறிவேப்பிலைத் தொட்டியில் நாலு இலை பழுத்துவிட்டால் போதும், கை நேராக உரப் பைக்குத்தான் போகும். எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. மஞ்சள் தட்டிய ஒரு செடிக்கு மண்புழு உரம், மறுநாள் தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் சம அளவில் கலந்த 19:19:19 உரம், அதற்கடுத்து எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். பத்தே நாளில் மொட்டையாகிவிட்டது. தொட்டியைக் கவிழ்த்தால் வேரெல்லாம் பழுப்பாக, கொழகொழவென்று, சாக்கடை வாடை. அடித் துளையைச் செங்கல் சில்லு ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. பசியில் கிடந்த செடியில்லை அது, மூச்சுமுட்டிச் செத்த செடி.

மேல்மண்ணின் நிறத்தைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவதுதான் தொட்டிச் செடிகளில் நடக்கும் பெரிய தவறு. தேங்காய் நார்க்கழிவு கலந்த மண் நிரப்பிய செடிப் பையில் மேல் அரை அங்குலம் வெயிலுக்கு வெளுத்துக் கிடக்கும். உள்ளே ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் சொட்டும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்த பிறகே குடத்தைத் தூக்குங்கள். ஈரத்தில் ஊறிய வேருக்குக் காற்று கிடைக்காது. காற்றில்லாத வேர் பக்கத்தில் இருக்கும் சத்தையும் எடுக்காது. இதில் ஒரு சங்கடம், தண்ணீர் மிஞ்சிய செடியும் தண்ணீர் காணாத செடியும் ஒரே மாதிரிதான் தலையைத் தொங்கப்போடும்.

ஈரம் சரியாக இருக்கிறது, ஆனாலும் மஞ்சள் என்றால், எந்த இலை முதலில் மாறியது என்று பாருங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் இவையெல்லாம் செடிக்குள் நகரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி கிழவர்களான அடியிலைகளிடமிருந்து பிடுங்கிக் குழந்தைகளான கொழுந்துகளுக்குக் கொடுக்கும். அடியிலை முழுதும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்து. நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். விளிம்பு கருகினால் பெரும்பாலும் சாம்பல் சத்து. இரும்பு அப்படி நகராது. அது குறைந்தால் கொழுந்துதான் முதலில் வெளிறும், நரம்பு மட்டும் பச்சைக் கோடாய் நிற்கும்.

கொழுந்து வெளிறியதும் மண்ணில் இரும்பே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். உப்பேறிய, கடினமான போர்வெல் தண்ணீரைத் தினமும் ஊற்ற ஊற்ற மண் காரமாகும், அதாவது புளிப்புக்கு எதிரான தன்மைக்கு மாறும். கார மண்ணில் இரும்பு இருந்தும் கரையாது, வேருக்கு எட்டாது. கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றும் வழக்கத்தில் விஷயம் இருக்கிறது, அந்தப் புளிப்பு சற்று உதவும். ஆனால் முப்பது நாள் உப்புத் தண்ணீர், ஒரு நாள் ஒரு டம்ளர் மோர் என்றால் கணக்கு எப்படிச் சரியாகும்? மழைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்தாலே பாதி வேலை முடியும்.

எப்சம் உப்பை ஏதோ சர்வரோக நிவாரணிபோல ஆக்கிவிட்டார்கள். மக்னீசியம் குறையாத செடிக்குக் கொடுத்தால், அது சுண்ணாம்புச் சத்தையும் சாம்பல் சத்தையும் வேர் எடுக்கவிடாமல் தடுக்கும்.

இலையைத் திருப்பிப் பார்க்காமல் விடுவதையும் சொல்ல வேண்டும். ஊசியால் குத்தியதுபோல் பொடிப் பொடியாக வெளிர் புள்ளிகள் தெரிந்தால், இலைக்கடியில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அது சிலந்திப்பேன். வெண்டையில் இரும்புக் குறைக்கு நேர் எதிராக நரம்பு மஞ்சளாகி இடைப்பகுதி பச்சையாக நின்றால், வெள்ளை ஈ கொண்டுவந்த மஞ்சள் நரம்புத் தேமல் வைரஸ். அதற்கு எந்த உரமும் கேட்காது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள், பக்கத்துச் செடியாவது பிழைக்கட்டும்.

என்ன வைத்தியம் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பத்து நாளாவது பொறுத்திருங்கள். கருகிய விளிம்பு மறுபடி பச்சையாகாது. அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு இன்னொரு பாட்டிலைத் திறக்காமல், புதுத் துளிர் என்ன நிறத்தில் வருகிறது என்று கவனியுங்கள். மார்கழிக் குளிரில் கறிவேப்பிலை சோம்பி அடியிலைகளைக் கொட்டுவதுண்டு. அதற்கு மருந்து எதுவும் வேண்டாம். தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள், வெயில் ஏறியதும் தானே துளிர்க்கும்.