மக்காச்சோள இலைக்கருகலை அடக்கிய விதம்

பெரம்பலூர் பக்கம் எங்களுக்கு மானாவாரி மக்காச்சோளம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, காலையில் பனியும் இறங்கினால் இலைக்கருகல் என்ற பூஞ்சாண நோய் வந்துவிடும். வரப்பில் நின்று பார்த்தால் காடு பச்சையாகத்தான் தெரியும். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக நடந்து, குனிந்து அடியிலையைப் பார்க்கணும். பெரும்பாலும் அங்கிருந்துதான் மேலே ஏறும். இரண்டு முனையும் கூம்பி, சுருட்டுபோல நீண்ட சாம்பல்பழுப்புப் புள்ளி என்றால் அதுதான். நுனியிலிருந்து நடுநரம்போடு மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறை, அதற்கு மருந்து வேண்டாம். தடவும்போது விரலில் செம்பொடி ஒட்டினால் அது துரு நோய்.

பூ எடுக்கும் முன்பே புள்ளி தெரிந்ததால் மேங்கோசெப் என்ற பூஞ்சாண மருந்து அடித்தேன்: 10 லிட்டர் டேங்குக்கு 20 கிராம். 10 நாள் விட்டு இன்னொரு முறை. மழை விட்ட நாளாகப் பார்த்து அடிக்கணும், இல்லாவிட்டால் காசு தண்ணீரோடு போச்சு. கருகின அடியிலை திரும்பப் பச்சையாகாது; கதிரை ஒட்டிய இலையும் அதற்கு மேலுள்ளவையும் தப்பினால் மணி பிடித்துவிடும். தப்பின.

இந்தப் பூஞ்சாணம் பழைய தட்டையில் (காய்ந்த சோளத்தண்டில்) தங்கும். அறுவடை முடிந்ததும் தட்டையை மாட்டுக்கு வெட்டிவிட்டு, மிச்சத்தை ஆழ உழுது புதைத்தேன். அடுத்த பட்டம் அந்தத் துண்டில் பருத்தி. பக்கத்துக் காட்டில் தட்டை அப்படியே நிற்கிறது, அதுதான் இப்போது கவலை.