டெப்பில் இழுத்தவன் கன்வஸில் நின்றுவிட்டான்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருவில் நாட்டாமி ஒருவர் வெங்காய மூட்டை ஏற்றிய கைவண்டியை இழுத்துக்கொண்டு போனார். ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்று டெப்பில், அதாவது கையடக்கத் தொடுதிரைக் கணினியில், அவரைக் கீறினேன். நாலு நிமிடம் இருக்கும். வளைந்த முதுகு, பின்னால் குவிந்த மூட்டை, அவ்வளவுதான், முகம்கூட இல்லை. அதையே வெள்ளவத்தை வீட்டில் மூன்று அடிக் கன்வஸில் அக்ரிலிக்கால் தீட்ட மூன்று கிழமை எடுத்தது. முடித்துவிட்டு இரண்டையும் அம்மாவிடம் காட்டினேன். "டெப்பிலை கீறினதிலை அந்த மனுசன் வண்டி இழுக்கிறான். இதிலை போட்டோவுக்கு நிக்கிறான்" என்றா.

அம்மா ஓவியக் கண்காட்சிக்குப் போகிற ஆள் இல்லை. அதனால்தான் அந்தச் சொல் சுட்டது. டெப்பில் கீறிக்கொண்டு, கன்வஸில் உணர்ச்சி வேகத்தோடு தீட்டவும் ஆசைப்படுகிறவர்கள் இரண்டு தோணியில் கால் வைத்தவர்கள். எங்கே வழுக்கும் என்று நான் விழுந்து விழுந்து அறிந்ததை எழுதுகிறேன். சில தவறுகளை இன்னமும் விடவில்லை.

கீறலை முடித்துவிடுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். அந்த நாலு நிமிடக் கீறலை வீட்டுக்கு வந்து திறந்தேன். மேலே ஒரு லேயர், கண்ணாடித் தாள்போல ஒரு அடுக்கு, போட்டுச் சாரத்தின் கட்டங்களைக் கீறினேன். இன்னொரு லேயரில் வண்டிச் சில்லு. இன்னொன்றில் கடைப் பெயர்ப்பலகை. இரண்டு இரவு போனது. பிறகு கட்டம் போட்டு, கோட்டுக்குக் கோடு கன்வஸுக்கு மாற்றினேன். தூரிகையைக் கையில் எடுத்தபோது தீர்மானிக்க ஒன்றும் மிச்சமில்லை. சின்னப் பிள்ளைகளின் வர்ணம் தீட்டும் கொப்பிதான் எனக்கு முன்னால் இருந்தது. கோட்டைத் தாண்டிவிடுவேனோ என்ற பயத்தில் கை மெல்ல மெல்ல நகர்ந்தது.

உணர்ச்சி வெளிப்பாட்டு ஓவியத்தில் பார்வையாளர் உருவத்தோடு சேர்த்துக் கை போன வேகத்தையும் பார்க்கிறார். எங்கே அழுத்தியது, எங்கே தயங்கியது, எங்கே பலெட் கத்தியால் வழித்துவிட்டு மறுபடி போட்டது என்பதெல்லாம் வர்ணத்தின் தடிப்பில் கிடக்கும். முடிவுகளையெல்லாம் டெப்பிலேயே எடுத்துவிட்டால் கன்வஸில் அந்தத் தடயம் விழாது.

இப்போது கீறலில் இரண்டே இரண்டைத்தான் தேடுகிறேன்: பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது, ஆக இருண்ட இடம் எது. இரண்டும் தெரிந்ததும் கோப்பை மூடிவிடுவேன். ஒன்றைத் துலக்கிக்கொண்டிருப்பதற்குப் பதிலாகப் பெருவிரல் அளவில் ஆறேழு கீறிப் பார்ப்பேன். தீட்டத் தொடங்கும்போது டெப் மற்ற அறைக்குப் போய்விடும். ஏதாவது மறந்துபோனால் போகட்டும். பெரும்பாலும் அந்தப் படத்துக்குத் தேவையில்லாததுதான் மறந்துபோகிறது.

கட்டம் போடுவதையோ ப்ரொஜெக்டரையோ நான் குற்றம் சொல்லவில்லை. ஒருவர் தன் தாத்தாவின் உருவப்படம் கேட்டால் சாயல் பிசகக்கூடாது. அங்கே கட்டம் கைகொடுக்கும். டெப் ஓவியத்தையே முடிந்த படைப்பாக நினைப்பதும் வேறு கதை. ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி 2009 அளவில் ஐபோனிலும் 2010இலிருந்து ஐபேடிலும் வரைந்து, அவற்றைப் பெரிய தாள்களில் அச்சிட்டுக் காட்சிக்கு வைத்தார். அது அந்த ஊடகத்திலேயே முடிகிற வேலை. ஒரே கீறல் படைப்பாகவும் இருக்கவேண்டும், கன்வஸுக்கு வரைபடமாகவும் இருக்கவேண்டும் என்று ஆசைப்படும்போதுதான் இரண்டும் கெடுகிறது.

திரையின் நிறத்தை நம்புவது

திரை ஒளியை வீசுகிறது; வர்ணம் தன்மேல் விழும் ஒளியில் கொஞ்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. திரையில் மின்னும் அந்த நீலத்தையும் பச்சையையும் எந்தக் குழாயிலிருந்தும் பிதுக்கி எடுக்க முடியாது. இது தெரிந்திருந்தும் இரவு பத்து மணிக்குத் திரை வெளிச்சத்தை முழுதாகக் கூட்டிவைத்து, மஞ்சள் மின்குமிழின் கீழ், திரை நிறத்துக்குச் சரியாகக் கலக்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிறேன். காலையில் யன்னலைத் திறந்தால் படம் முழுக்கச் சேறு.

சூழலுக்கேற்ப நிறத்தை மாற்றுகிற வசதியும், இரவில் திரையை மஞ்சளாக்குகிற வசதியும் டெப்பில் இருந்தால் வேலை நேரத்தில் இரண்டையும் நிறுத்திவையுங்கள். அறைக்குப் பகல் வெளிச்சம் தரும் எல்ஈடி விளக்கு ஒன்று போதும். அதைவிடப் பயனுள்ளது, கீறலை ஒருமுறை கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பது. நிறத்தைத் திரையிலிருந்து கடன் வாங்க முடியாது. ஒளி நிழல் அளவை வாங்கலாம். நிறங்களைக் கடதாசித் துண்டில் கலந்து, காயவிட்டுத் தெரிவு செய்வேன். காயவிடுவது முக்கியம். ஈரமான அக்ரிலிக்கில் பசை பால்போல வெளிறியிருக்கும். காய்ந்ததும் தெளிந்துவிடுவதால் நிறம் ஒரு படி இருண்டுபோகும். நீர்வர்ணம் இதற்கு நேர்மாறு, காயக் காய வெளிறும்.

இன்னொன்று: ஓவியம் என்றால் என்ன என்பதையே போன் திரையில் படித்துவிடுவது. அதில் வர்ணத்தின் தடிப்பு தெரியாது. எல்லாப் படமும் ஒரே வழுவழுப்பு. கொழும்பு பார்ன்ஸ் பிளேசில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு இன்று சபுமல் மன்றமாக இருக்கிறது. 1943இல் கொழும்பில் தொடங்கிய '43 குழு என்ற நவீன ஓவியர் குழுவினரின் ஓவியங்கள் அங்கே உண்டு. ஒரு முழம் தள்ளி நின்று, பக்கவாட்டில் சரிந்து, வெளிச்சம் மேற்பரப்பில் எப்படி விழுகிறது என்று பாருங்கள். ஒரு மணித்தியாலம் போதும்.

அன்டூ விரல்

புரொக்ரியேட் என்ற ஓவியச் செயலியில் இரண்டு விரலால் தட்டினால் கடைசிக் கோடு மறைந்துவிடும். அதுதான் அன்டூ. ஒருநாள் பிசகிய கோடு ஒன்றைப் பார்த்ததும் கன்வஸை இரண்டு விரலால் தட்டிவிட்டேன். விரலில் நீலம். சிரிப்பு ஒருபக்கம் இருக்க, கேடு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கோடு பிழைத்தால் அழித்துக்கொள்ளலாம் என்று தெரிந்த கை யோசிக்காமல் கோடு போடும். அதே கை, அழிக்க முடியாத இடத்தில் கோடே போடாது. இரண்டும் ஒரு நோயின் இரண்டு முகம்.

நான் கண்ட மருந்து: கிழமையில் ஒருநாள் ஒரே லேயர், ஒரே பிரஷ், அன்டூ இல்லை. பிழையான கோடு கிடக்கட்டும்; சரியானதை அதன் பக்கத்தில் போடுங்கள். கன்வஸிலும் பிழையை உடனே வெள்ளை பூசி மூடாமல், ஈரத்தோடு வழித்தெடுத்து, அடியில் தங்கும் கறையின் மேலேயே தொடருங்கள்.

மணிக்கட்டால் தீட்டுவது

டெப் கையகல ஊடகம். இரண்டு விரலால் பெருப்பித்து, கண் இமையை இருநூறு வீதத்தில் கீறலாம். மூன்று அடிக் கன்வஸுக்குத் தோள் வேண்டும். பொரளை கோதமி விகாரைச் சுவர்களில் ஜோர்ஜ் கீட் 1930களின் கடைசியில் தீட்டத் தொடங்கிய சித்திரங்களைப் பார்த்தால், உடல்களின் கோடுகள் எவ்வளவு நீளத்துக்கு விடாமல் ஓடுகின்றன என்று விளங்கும். கதிரையில் இருந்துகொண்டு முழங்கையை மேசையில் ஊன்றினால் அப்படி ஒரு கோடு வராது. எழுந்து நில்லுங்கள். சுவரில் பழைய பத்திரிகைத் தாளை ஒட்டி, அகலத் தூரிகையால் தண்ணீர் கலந்த கறுப்பில் பத்து நிமிடம் கீறிவிட்டுக் கன்வஸுக்கு வாருங்கள்.

இதோடு சேர்ந்த சின்ன விஷயம், அளவு விகிதம். ஐபேட் திரை பெரும்பாலும் நாலுக்கு மூன்று. 18க்கு 24 அங்குலக் கன்வஸுக்கு அது பொருந்தும். 24க்கு 36 வாங்கினால் பொருந்தாது. மேலேயோ பக்கத்திலேயோ வெற்றிடம் மிஞ்சும். அதை நிரப்ப மரம் ஒன்று முளைக்கும். கோப்பைத் தொடங்கும்போதே கன்வஸின் விகிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

கொழும்புக் காற்றை மறப்பது

நாம் பார்க்கும் காணொளிகளில் பெரும்பாலானவை குளிர்ந்த, உலர்ந்த நாடுகளில் எடுக்கப்பட்டவை. "ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும்" என்பார்கள். மரைன் டிரைவ் பக்கம் மழை மாதத்தில் தடித்துப் போட்ட அக்ரிலிக், மேலே தோல் கட்டிவிட்டு உள்ளே நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். காய்ந்த பிறகும் கதை முடியாது. அக்ரிலிக் படலம் வெப்பத்தில் இளகும் இயல்புடையது. முப்பது பாகைக்கு மேலே லேசாகப் பிசுபிசுக்கும். இரண்டு படத்தை முகத்துக்கு முகம் அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். குமிழிப் பிளாஸ்டிக்கால் சுற்றினால் குமிழ் குமிழாய்த் தடம் விழும். ஒரு படம் எனக்கு அம்மை போட்டது இப்படித்தான். கேக் சுடும் சிலிக்கன் தாளை முகத்தில் வைத்து, அதற்கு மேலேதான் மற்றதெல்லாம்.

பூஞ்சணம் அடுத்த எதிரி. மழைச் சாரல் படும் வெளிச்சுவரோடு கன்வஸைச் சாத்திவைத்தால், சில மாதங்களில் பின்புறத்தில் சாம்பல் புள்ளி பூக்கும். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். நெடுநாள் பூட்டிய அறையில் வைக்கவேண்டாம். கடதாசியில் கீறியவற்றுக்கு மூடிய பெட்டியும் சிலிக்கா ஜெல் பைகளும் வேண்டும். பைகளை இடைக்கிடை மாற்றவேண்டும். ஈரக்காற்றில் துணி தொய்வது இயல்பு. சட்டத்தின் மூலைகளில் அடிக்கும் மரஆப்புகள் அதற்குத்தான். வாங்கியபோது சின்னப் பையில் வந்ததை எறிந்துவிடாதீர்கள்.

எண்ணெய் வர்ணத்துக்குப் போகிறவர்கள் இன்னொரு பிழை விடுகிறார்கள். அக்ரிலிக் தண்ணீர் ஆவியாகிக் காய்கிறது. எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. அக்ரிலிக்குக்கு மேலே எண்ணெய் போடலாம். எண்ணெய்க்கு மேலே அக்ரிலிக் போட்டால் பிடிக்காது, ஒருநாள் உரிந்துவிடும். டெப்பில் எந்த லேயரையும் எந்த லேயருக்கு மேலும் இழுத்துவிடலாம் என்பதால் இந்த ஒழுங்கு மனதில் நிற்பதில்லை. எண்ணெய் ஓவியத்தை இருட்டு அலுமாரிக்குள் காயவைத்தால் மஞ்சளாகிவிடும். லின்சீட் எண்ணெய் துடைத்த பழந்துணியைச் சுருட்டிக் குப்பைவாளியில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலத்தில் டெப்பும் காற்றாடியும் சேர்ந்தே செத்தன. அப்போது பட்ட பாட்டில் கோப்புகளை இரண்டு இடத்தில் சேமிக்கும் பழக்கம் வந்தது. லேயர் உள்ள மூலக்கோப்பைச் சேமியுங்கள், ஜேபெக் மட்டும் போதாது.

சின்னச் சின்னத் தவறுகள்

நூறு பிரஷ் பதிவிறக்கி மூன்றைப் பாவிப்பது. மென்பொருள் வாங்கக் காசு சேரட்டும் என்று காத்திருப்பது. கிரிட்டா இலவசம், கணினியிலும் அண்ட்ரொய்ட் டெப்பிலும் ஓடும். சிறிய கோப்பில் கீறிவிட்டுப் பிறகு பெரிதாக அச்சிட நினைப்பது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் ஏ4 தாளுக்கே 2480க்கு 3508 புள்ளி வேண்டும். 1993இலிருந்து நடந்துவரும் கலாபொல என்ற தெருவோர ஓவியச் சந்தைக்காகக் கொழும்பு கிரீன் பாத்தில் பிரதிகளை அடுக்கப்போகிறவர்கள், அச்சகத்தில் முதலில் ஒரேயொரு பிரதி எடுத்துப் பாருங்கள். திரையில் மின்னிய அந்த நீலம் அங்கேயும் வராது.

போட்டோவுக்குத் திரும்புவது

அம்மா சொன்ன "போட்டோவுக்கு நிக்கிறான்" என்பது உண்மையில் சரி. கீறிய அன்றே போனில் படமும் எடுத்திருந்தேன். கன்வஸில் கால் வராமல் போனபோது கீறலை விட்டுவிட்டுப் போட்டோவைப் பார்த்தேன். கமெரா கண்ணிமைக்கும் நேரத்தைத்தான் பிடிக்கும். அந்தக் கணத்தில் அவர் முன்காலைத் தூக்கியிருந்தாலும் ஊன்றியிருந்தாலும் அதற்கு ஒன்றுதான். நாலு நிமிடக் கீறலில் அவர் இருபது அடி நடந்திருந்தார். அந்த இருபது அடியும் ஒரே முதுகுக்கோட்டில் சேர்ந்திருந்தது. காலி முகத்திடல் அந்தியும் அப்படித்தான். இங்கே பொழுது இருபது நிமிடத்துக்குள் மங்கிவிடும். போட்டோவில் ஒரு செம்மஞ்சள்தான் கிடைக்கும்.

பிறகு ஒருநாள் அதே தெருவுக்குப் போய் அவரைத் தேடிப் பிடித்துக் கீறலைக் காட்டினேன். முதலிலேயே கேட்டிருக்கவேண்டும், உழைக்கிற மனிதரைக் கேட்காமல் கீறுவதையும் தவறுகளில் சேர்த்துக்கொள்ளுங்கள். கன்வஸின் படத்தையும் போனில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காலு தப்பா இருக்கு தங்கச்சி. முன்காலு சும்மா. பின்காலுதான் தள்ளும்."

வண்டிக் கட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். குதிகால் எழும்பி, விரல்கள் தாரில் புதைகிற மாதிரி அழுத்தின. வெறும் வண்டிதான், ஆனாலும் கெண்டைக்கால் கல்லாய் நின்றது. அவர் பக்கத்திலேயே நின்று அந்தக் காலை மட்டும் எட்டுத் தடவை கீறினேன்.

இரண்டாவது கன்வஸ் இப்போது முன்னறையில், சுவரிலிருந்து தள்ளி ஒரு கதிரையில் நிற்கிறது. பின்காலைப் பலெட் கத்தியால் போட்டிருக்கிறேன். இரண்டு நாளாக மழை. அந்த இடம் இன்னும் பிசுபிசுக்கிறது. அம்மாவுக்கு இன்னும் காட்டவில்லை.