வெக்யூம் கிளீனருக்கு ஒரு மாற்று பில்டர்

பையில்லாத வெக்யூம் கிளீனர் வாங்கும் அன்றே, அதற்குப் பொருந்தும் ஸ்பொஞ்ச் பில்டர் இன்னொன்றையும் வாங்கிவிடுங்கள். ஒன்று கழுவிக் காயும்போது மற்றது மெஷினில் இருக்கட்டும். உதிரி பில்டர் தனியாகக் கிடைக்காத மொடலை நான் வாங்கவே மாட்டேன்.

கழுவிய பில்டர் காய 24 மணித்தியாலமாவது வேண்டும் என்று பெரும்பாலான கையேடுகளில் இருக்கும். நுவரெலியா, ஹட்டன் பக்கம் தென்மேல் பருவமழையும் பனிமூட்டமும் சேர்ந்துவிட்டால் அது போதவே போதாது. தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும். இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள், நடுவில் ஈரம் தெரியும். அப்படியே மாட்டினால் தூசி சேறாக ஒட்டிக்கொள்ளும், இழுவை குறையும், அறையெல்லாம் ஈர நாற்றம் அடிக்கும், அப்புறம் மோட்டரும் பழுதாகும். அவசரத்துக்கு அடுப்படியில் வைத்துக் காயவைக்க வேண்டாம், ஸ்பொஞ்ச் சுருங்கிவிடும்.

மிக நுண்ணிய தூசியைப் பிடிக்கும், மடிப்பு மடிப்பாக இருக்கும் ஹெப்பா பில்டருக்கு இப்படிக் கழுவிக் காயவைப்பது சரிவராது. கழுவலாம் என்று கையேட்டில் எழுதியிருந்தால் தவிர அதில் தண்ணீர் படவே கூடாது, வெளியே கொண்டுபோய் மெதுவாகத் தட்டினால் போதும். நல்ல வெயில் விழும் வீடென்றால் மட்டும் இரண்டாவது ஸ்பொஞ்ச் பில்டர் தேவைப்படாது.